சொட்டும் பெட்ரோல் டேப்: ராயக்கோட்டையிலிருந்து ஒரு ஜாவா கேள்வி

கேள்வி: என்னிடம் இருப்பது 1971-ஆம் வருஷத்து ஜாவா 250. மாமனார் மைசூரில் எடுத்த வண்டி. இங்கிருந்து ஓசூருக்கு அதில்தான் வருஷக்கணக்கில் ஷிப்ட் வேலைக்குப் போய் வந்தார். அவர் காலமான பிறகு நாலு வருஷம் தாழ்வாரத்தில் சும்மா நின்றது. போன பொங்கலுக்கு நான் எடுத்துத் துடைத்து ஓட்ட ஆரம்பித்தேன். அன்று தொடங்கிய ஒழுகல் இன்னும் நிற்கவில்லை. உள்ளூர் மெக்கானிக் புது பெட்ரோல் டேப் போட்டார். ஒரு மாதம் தாங்கியது. பெங்களூரிலிருந்து இன்னொன்று வரவழைத்தேன். அது ஆறு வாரம். எம்-சீலும் வைத்துப் பார்த்தாயிற்று. டேப்பை மூடிவிட்டுப் படுத்தாலும் காலையில் இன்ஜினுக்கு அடியில் ஈரம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு உதைத்தால் கிக்கர் பாறை மாதிரி இறுகி நிற்கிறது. டேங்கையே மாற்று என்கிறார்கள். வீட்டம்மாவோ வாடை தாங்காமல் வண்டியை வெளியே தள்ளு என்கிறாள். மாமனார் காலத்துப் பித்தளை டேப் இன்னும் ஒரு டப்பாவில் கிடக்கிறது. நான் என்ன செய்யலாம்? ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு என்று சொல்கிறார்களே, அதையும் செய்துவிடலாமா?

– வாசகர், ராயக்கோட்டை

பதில்: முதலில் வீட்டம்மா சொன்னதைச் செய்யுங்கள். இன்று சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் வண்டி தாழ்வாரத்தை விட்டு வெளியே போகட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிக் கலைந்துவிடாது. தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளமான இடம் தேடிப் போய்த் தேங்கி நிற்கும். மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற திரவம் அது. உங்கள் ஊர் மார்கழிப் பனியெல்லாம் அதற்குக் கோடை வெயில்.

நான் பட்டறையில் எடுபிடியாக இருந்த நாளில், டேப் கழற்றிய ஒரு வண்டியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து ஒருவர் பீடி பற்ற வைத்தார். குச்சியிலிருந்து வண்டியை நோக்கித் தரையில் நீலமாக ஒரு கோடு ஓடியது. சத்தமே இல்லை. மணல் வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் ஒரு சீட் உறையோடு போயிற்று. அன்றிலிருந்து டேப் வேலை என்றால் எனக்குக் கூரைக்கு அடியில் கிடையாது, வேப்ப மரத்தடிதான். சொட்டுதானே என்று நினைக்காதீர்கள். பத்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 8,640 சொட்டு. அத்தனையும் உங்கள் தாழ்வாரத்தில் ஆவியாகிறது.

இரண்டாவது, அந்த இறுகிய கிக்கர். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இந்த விஷயம்தான் எனக்குப் பகீரென்றது. இனி அதை ஓங்கி உதைக்கவே உதைக்காதீர்கள். நடப்பது இதுதான்: மூடிய டேப் வழியாகக் கசிகிற பெட்ரோல் கார்புரேட்டருக்கு வருகிறது. அங்கே மிதவை ஊசி நன்றாக இருந்தால் அது தடுத்து நிறுத்தும். ஊசியும் தேய்ந்திருந்தால் பாத்திரம் நிரம்பி, கொஞ்சம் வெளியே வழியும். கொஞ்சம் இன்ஜினுக்குள் இறங்கும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் அது நேராகக் கிராங்க் அறையில் போய்த் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பாறை மாதிரி நிற்பது அதனால்தான். கோபத்தில் ஏறி மிதித்தால் கனெக்டிங் ராடு வளையும், இல்லை ஆயில் சீல் பிதுங்கும். ஜாவாவில் கியர் லிவரே கிக்கராக மடங்குகிற ஏற்பாடு என்பதால் அந்த ஷாஃப்ட்டுக்கும் சேர்த்து அடி.

அப்படி இறுகியிருந்தால் சாவியை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் மூடியை ஓட்டையிலிருந்து தள்ளி ஒதுக்கிவிட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்துங்கள். பெட்ரோல் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சும். முகத்தை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம். ஈரம் வருவது நிற்கும்வரை செய்து, திறந்தபடியே ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். (இதைப் படிக்கிற புல்லட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் இதே பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயிலை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதத்தில் ஒரு டேப், ஆறு வாரத்தில் இன்னொரு டேப். இரண்டும் வேறு வேறு கடையில் வாங்கியவை, இரண்டும் புதுசு. இரண்டு மருமகள் வந்தும் அடுப்பு புகைகிறது என்றால் அடுப்பைத்தான் பார்க்க வேண்டும். நாலு வருஷம் சும்மா நின்ற டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? மூடியைத் திறந்து, பெட்ரோலை வடித்துவிட்டு, வெயிலில் வைத்துப் பாருங்கள். அடித்தகட்டில் செம்மண் மாதிரி ஒரு படிவு இருக்கும். என் சந்தேகம் முழுவதும் அதன்மேல்தான். டேங்க் ஓட்டையாகவில்லை என்றால் அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

துரு எப்படி டேப்பைக் கெடுக்கிறது என்று பார்க்க, செத்துப்போன அந்தப் புது டேப்களில் ஒன்றைப் பிரியுங்கள். லிவரைப் பிடித்திருக்கும் முகத்தட்டில் சின்னச் சின்னத் திருகுகள் இருக்கும். அளவான திருப்புளி போட்டுக் கழற்றினால் தட்டு, அதன் கீழே அலை அலையாக வளைந்த ஒரு மெல்லிய வாஷர், பிறகு லிவர், கடைசியாகத் துளைகள் போட்ட ஒரு வட்ட ரப்பர் வில்லை என்று ஒவ்வொன்றாக வரும். அந்தக் காலத்தில் இந்த வில்லை தக்கையில் வந்தது; இப்போது ரப்பர். லிவரின் வழவழப்பான முகம் இந்த வில்லையின்மேல் தேய்த்துக்கொண்டு திரும்புகிறது. லிவர் முகத்தில் இருக்கும் பள்ளம் எந்தத் துளைகளை இணைக்கிறதோ அதைப் பொறுத்து ஆன், ஆஃப், ரிசர்வ். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களும் இதே நாலு துளை வில்லையைத்தான் மாற்றுகிறார்கள்.

இப்போது அந்த வில்லையை விரலால் தடவுங்கள். துருத் துகள் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் மணலுக்குத் தம்பி. டேங்கிலிருந்து பெட்ரோலோடு இறங்கி வில்லைக்கும் லிவர் முகத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நீங்கள் லிவரைத் திருப்புகிற ஒவ்வொரு முறையும் அரைவட்டமாக ஒரு கோடு கீறும். லிவர் முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோடுகள் இசைத்தட்டில் இருப்பதுபோல மின்னும். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைவரை ஒரே ஒரு கோடு முழுசாக ஓடிவிட்டால் போதும். டேப் மூடியிருந்தாலும் அந்த வாய்க்கால் வழியாகப் பெட்ரோல் நடக்கும். எம்-சீலை வெளியே எவ்வளவு அப்பினாலும் உள்ளே ஓடும் வாய்க்காலை அது தொடப்போவதில்லை.

ஆகவே வேலையின் வரிசை: முதலில் டேங்க், பிறகுதான் டேப். இதைத் தலைகீழாகச் செய்ததில்தான் உங்கள் பணம் இரண்டு முறை போயிருக்கிறது.

பெட்ரோலை மூடியுள்ள தகர கேனில் வடியுங்கள். பிளாஸ்டிக் வாளியில் வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் வேண்டவே வேண்டாம். தாகத்தில் யாராவது எடுத்து வாயில் வைத்துவிடுவார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டேங்கை வண்டியிலிருந்து இறக்குங்கள். டேப்பை எடுத்த ஓட்டையை ரப்பர் தக்கையால் அடையுங்கள். முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கு இருந்தால், அடுத்து ஊற்றப்போகும் அமிலம் துருவைத் தொடாது. பிறகு ஒரு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டு, கொஞ்சம் தண்ணீரோடு ஆட்டுங்கள். எத்தனை நட்டு போட்டீர்கள் என்று எண்ணி வையுங்கள். எண்ணித்தான் வெளியே எடுக்க வேண்டும். உதிரக்கூடிய துரு இதிலேயே உதிர்ந்துவிடும்.

ஒட்டியிருக்கும் துருவுக்கு எலுமிச்சை உப்பு. கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம். டேங்க் விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும். ஜாவா டேங்கின் பக்கவாட்டுக் குரோமின்மேலும் பெயின்ட்டின்மேலும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றினால் அரை மணியில் பளபளப்பாகும் என்று யாராவது சொல்வார்கள். பளபளப்பாகத்தான் ஆகும். ஐம்பது வருஷத்துத் தகட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டு, அடுத்த மழைக்குள் முன்னைவிட அதிகமாகத் துருப்பிடிக்கும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

காலையில் வடித்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசி, உடனே காய வையுங்கள். இந்த ‘உடனே’ முக்கியம். அமிலம் பட்ட வெறும் இரும்பு, ஈரத்தோடு விட்டால் நீங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி ஆரஞ்சு நிறம் போர்த்திக்கொள்ளும். வெயிலில் கவிழ்த்து, முடிந்தால் புளோயர் பிடித்து, காய்ந்ததும் கால் லிட்டர் பெட்ரோலில் தாராளமாக டூ-டி ஆயில் கலந்து ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். துரு போனபின் ஊசித் துளைகள் தெரிந்தால் பற்ற வைக்க வேண்டியிருக்கும். வெறும் டேங்கை வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. பழைய டேங்க் செய்து பழக்கப்பட்ட ஆள், உள்ளே தண்ணீர் நிரப்பி, வேலை செய்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டுத்தான் நெருப்பு காட்டுவார்.

இப்போது டேப். டப்பாவில் கிடக்கும் மாமனார் டேப்பை எடுங்கள். உங்கள் வண்டியைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை, மைசூர் யாதவகிரியில் 1961-இல் செக் நாட்டு ஜாவாவின் உரிமத்தில் உற்பத்தி தொடங்கி, பின்னால் யெஸ்டி என்று பெயர் மாற்றி விற்று, 1996-இல் மூடப்பட்டது. அதன் பிறகு கடையில் ‘ஒரிஜினல்’ என்று கிடைப்பது யாரோ எங்கேயோ வார்த்தது. அதில் நல்லதும் உண்டு, முகம் சமமில்லாத வார்ப்பும் உண்டு. 2018-இல் திரும்ப வந்த ஜாவா வேறு ஜாதி வண்டி. அதன் சாமான் எதுவும் இதற்கு ஆகாது. பித்தளை உடம்பு முறியாமல் இருந்தால், மரை தேயாமல் இருந்தால், அந்தப் பழைய டேப்புக்கு நிகராக நீங்கள் வாங்கப்போவது ஒன்றுமில்லை.

பிரித்த பித்தளைச் சாமான்களைக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளிக்கரைசலில் போடுங்கள். பதினைந்து நிமிஷம் போதும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். டேங்குக்குள் நிற்கும் ஜல்லடைக் குழாயை ஊதிப் பாருங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள். துருவை முதலில் மறிக்க வேண்டியது அதுதான்.

லிவர் முகத்தைச் சமப்படுத்துவதுதான் இந்த வேலையின் உயிர். அதற்கு மெஷின் வேண்டாம். ஒரு கனமான கண்ணாடித் துண்டு, 400, 800, 1200 நம்பர் வாட்டர் பேப்பர், ஒரு மார்க்கர் பேனா. லிவர் முகம் முழுவதும் மார்க்கரால் கிறுக்குங்கள். கண்ணாடிமேல் 400 பேப்பரை வைத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, முகத்தைக் கவிழ்த்து, விரல் பாரம் மட்டும் கொடுத்து ‘8’ போடுங்கள். பத்து முறை போட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். மை அழிந்த இடம் மேடு, மை மிச்சமுள்ள இடம் பள்ளம். பெரும்பாலும் ஓரமெல்லாம் வெளுத்து, நடுவே அந்த அரைவட்டக் கீறல்களில் மட்டும் மை உட்கார்ந்திருக்கும். அந்த மையும் போகும்வரை தேயுங்கள். பிறகு 800, பிறகு 1200. கை வேகம் வேண்டாம், சாய்க்க வேண்டாம். முடிந்ததும் முகம் மங்கிய வெள்ளி மாதிரி ஒரே சீராக இருக்கும். மண்ணெண்ணெயில் அலசித் தேய்ப்புத்தூள் ஒன்றுகூட இல்லாமல் துடையுங்கள். கீறல் நகத்தில் தடுக்கும் அளவுக்கு ஆழமென்றால் மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து ஒரு மயிரிழை சீவி வாங்கலாம்.

வில்லைக்குக் கடை ரப்பரே கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால், நைட்ரைல் ரப்பர் கலந்த தக்கை ஷீட் காஸ்கெட் கடைகளில் கிடைக்கும். பழைய வில்லையை அச்சாக வைத்து, துளை பஞ்சால் தட்டி வெட்டிக்கொள்ளுங்கள். துளைகள் இம்மி விலகினாலும் ரிசர்வில் பெட்ரோல் குறையும். கனமும் பார்க்க வேண்டும். தடித்துவிட்டால் லிவர் திரும்பாது, மெலிந்துவிட்டால் அழுத்தம் பற்றாது. அந்த அலை வாஷரை மறந்துவிடாதீர்கள். அதுதான் லிவரை வில்லைமேல் அமுக்கிப் பிடிக்கிறது. தட்டையாகியிருந்தால் வில்லை புதுசாக இருந்தும் ஒழுகும். பலர் வில்லையை மட்டும் மாற்றிவிட்டு ஏமாறுவது இங்கேதான்.

டேங்கோடு டேப் சேரும் இடத்தில் செம்பு வாஷர் இருந்தால், பழசையே திரும்பப் போடலாம். ஒரு கம்பியில் கோத்து, பெட்ரோல் இல்லாத இடத்தில், அடுப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பை இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். இளகிய வாஷர் திருகும்போது நசுங்கி உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அளவு சரியாக இருந்தால் டௌட்டி வாஷர் இன்னும் நல்லது. இரும்பு வளையத்துக்குள் ரப்பர் உதடு வைத்தது. இதற்கு மோட்டார் சைக்கிள் கடைகளில் அலையாதீர்கள். ஓசூரில் ஹைட்ராலிக் ஓஸ் கட்டித் தருகிற கடைக்குப் போய்ப் பழைய வாஷரைக் காட்டுங்கள். தொழிற்சாலை ஊர் பக்கத்தில் இருப்பதன் சௌகரியம் இது. சென்னையில் நான் ஒரு வாரம் தேடுவதை நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் வாங்கிவிடலாம்.

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை மரையில் சுற்றாதீர்கள். இழை பிரிந்து போய் ஜெட்டில் உட்காரும். சிலிகான் பேஸ்ட்டும் வேண்டாம். பெட்ரோல் பட்டால் ஊதிப் பிதுங்கிவிடும். இன்னொன்று, மரை உட்கார்ந்த பிறகும் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று பானா போட்டு இழுக்கிற கை நம்மில் பலருக்கு உண்டு. பித்தளை மரை அதைப் பொறுக்காது.

நடுவழியில் டேங்க் தகட்டில் ஊசித் துளை விழுந்து கசிந்தால் பார் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். வீடு வரைக்குந்தான் அது.

இந்த இடத்தில் பழைய மெக்கானிக்குகளின் இரண்டு கை வைத்தியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் மாமனார் காலத்தில் மரைக்கும் தக்கைக்கும் அரக்குக் கரைசல் தடவுவார்கள். ஷெல்லாக் என்பதும் அதுதான். பெட்ரோல் அதை அசைக்காது. லிவர் இறுகினால் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். கிரீஸை அடித்துக்கொண்டு போகிற பெட்ரோலில் விளக்கெண்ணெய் லேசில் கலக்காது. முதல் உலகப்போரில் இன்ஜினே சுழலும் விமானங்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றியதற்கும் இதுவே காரணம். நானும் இரண்டையும் பல வருஷம் செய்தவன். ஆனால் அரக்கும் விளக்கெண்ணெயும் சாராயத்தில் கரையும். இன்று பங்கில் நமக்கு வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி உங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரில்தான் அதன் விற்பனையைத் தொடங்கி வைத்தார்கள். எத்தனால் என்பது சாராயம்தானே. அரக்கு வைத்துக் கட்டிய டேப் பல வருஷம் ஒழுகாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று ஒழுகுவதில் மர்மம் ஒன்றுமில்லை. கை வைத்தியம் பொய்யில்லை, பெட்ரோல்தான் மாறிவிட்டது.

எத்தனாலுக்கு இன்னொரு குணம், ஈரத்தை இழுப்பது. ஓசூர்ப் பக்கம் பனி இறங்கும் மாதங்களில் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால், காலியான பாதியில் இருக்கும் காற்றின் ஈரம் ராத்திரி தகட்டில் முத்து முத்தாக வேர்க்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். அடியில் இருப்பது யார்? உங்கள் டேப். ஆகவே இனி நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். மாதக்கணக்கு என்றால் முழுசாக வடித்து, ஆயில் தடவி நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே வேண்டாம்.

ரப்பர் சாமான்களையும் இந்தப் பெட்ரோலை மனதில் வைத்து வாங்குங்கள். ஓரிங் எல்லாம் கறுப்பாக ஒன்றுபோலத்தான் இருக்கும். வைட்டான் என்று கேட்டு வாங்கினால் விலை கூட, ஆனால் தாங்கும். சந்தேகமிருந்தால் இரண்டு வாங்கி, ஒன்றைப் பெட்ரோல் ஊற்றிய மூடிய கண்ணாடிக் குப்பியில் மூன்று நாள் போட்டு, மற்றதன்மேல் வைத்துப் பாருங்கள். ஊறியது பெரிதாகத் தெரிந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம். கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் ஓஸ் மஞ்சளாகி விறைத்திருந்தால் அதையும் வெட்டி எறியுங்கள். பல நேரம் டேப்பின்மேல் பழி விழும், ஒழுகுவது ஓஸின் வாய். பெட்ரோல் வடிகட்டி தனியாகப் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், சின்னதாக, ஜல்லடை வைத்ததாக. காருக்குரிய காகித ஃபில்டர் வேண்டாம். நம் வண்டியில் பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் கனத்தில் இறங்குகிறது. காகிதத்தைத் தாண்ட அதற்கு வலு போதாது.

மாட்டுவதற்கு முன் டேப்பைத் தனியாகச் சோதியுங்கள். சுத்தமாகக் கழுவிய டேப்பை மூடிய நிலையில், டேங்க் பக்கத்து வாயில் ஒரு ட்யூப் சொருகி, தண்ணீர் டம்ளருக்குள் முக்கி ஊதுங்கள். ஓஸ் வாயிலிருந்து குமிழி வந்தால் லிவர் முகம் இன்னும் சரியாகவில்லை. லிவர் ஓரத்திலிருந்து வந்தால் ஓரிங் அல்லது முகத்தட்டு. அடியில் கப் இருக்கிற டேப் என்றால் அதன் ஓரத்தையும் பாருங்கள். ஆன், ரிசர்வ் இரண்டிலும் ஓஸ் வாயை விரலால் அடைத்துக்கொண்டு ஊதுங்கள். டேப்பை வண்டியில் மாட்டி, ஏறி, இறக்கி, மறுபடி மாட்டுகிற பாடு இதனால் மிச்சம். கார்புரேட்டரின் மிதவை ஊசியையும் இதோடு மாற்றிவிடுங்கள். டேப் நல்லதாக இருந்தால் ஊசியின் குற்றம் மறைந்துபோகும், அது போகவில்லை.

வின்டேஜ் பதிவைக் கேட்டிருந்தீர்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த ஏற்பாடு அது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்காத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவாகி இருக்கும் வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மாமனாரின் மைசூர் மாநிலத்து எண் இன்னும் இருந்தால் அது போகாது. ஆனால் வின்டேஜாகப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். நீங்கள் தக்காளி மண்டிக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் அதில்தான் போய் வருகிறீர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவதே என் யோசனை. ஓடுகிற ஜாவாவுக்கு என்னிடம் மரியாதை கூட.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு ராத்திரி வேலை பாக்கி. டேப்பையும் கார்புரேட்டரையும் சுற்றி நன்றாகத் துடைத்து, மேலே முகப்பவுடர் தூவுங்கள். வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, டேப்புக்கு நேர் கீழே பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, டேப்பை மூடிவிட்டுத் தூங்குங்கள். வெளியேதான், தாழ்வாரத்தில் இல்லை. உங்கள் வண்டி டூ-டி ஆயில் கலந்த பெட்ரோல் குடிப்பது இந்தச் சோதனைக்கு நல்லதாயிற்று. பெட்ரோல் ராத்திரியோடு பறந்துவிட்டாலும் ஆயில் தடயம் விட்டுப் போகும். பவுடரில் ஈரக்கோடு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுதான் ஓட்டை. காலையில் பேப்பர் காய்ந்திருந்தால் எனக்கு எழுத வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டை மலை அடிவாரம் வரை போய் வாருங்கள். எண்ணெய் வளையம் இருந்தால் அது பெருக்கல் குறிக்கு முன்னால் விழுந்திருக்கிறதா, பின்னாலா, எத்தனை விரற்கடை என்று குறித்து, பேப்பரையே மடித்து அனுப்புங்கள்.